சாங்கியில் விமான நிறுவனங்கள் ஏன் டெர்மினல் மாறிக்கொண்டே இருக்கின்றன?

கேள்வி இதுதான்: "2018இல் அம்மாவைத் திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானத்தில் அழைத்து வந்தபோது சிங்கப்பூரில் டெர்மினல் 2இல் இறங்கினோம். இப்போது அவர் தனியாக மெல்பர்ன் போக வேண்டும், ஸ்கூட் டெர்மினல் 1 என்கிறார்கள். முன்பு டெர்மினல் 1இல் ஜெட்ஸ்டாரில் ஏறிய நண்பர், பிறகு அதுவும் 4க்குப் போனது என்கிறார். ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? யார் இதை முடிவு செய்வது? அம்மாவுக்குச் சிக்கல் வருமா?"

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். 2009 முதல் 2020 வரை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தரைப்பணி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். கவுன்ட்டர், கேட், வந்து சேராத பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. அந்தப் பதினோரு வருடத்தில் நாங்களே மூன்று முறை மூட்டை கட்டி இடம் மாறினோம்.

முதலில், யார் முடிவு செய்கிறார்கள்? விமான நிறுவனம் அல்ல. டெர்மினல்கள் எல்லாவற்றையும் நடத்துவது சாங்கி விமான நிலையக் குழுமம். விமான நிறுவனம் அங்கே ஒரு வாடகைக்காரர் மாதிரி. "எங்களுக்கு இந்த அறைதான் வேண்டும்" என்று கேட்கலாம், சண்டை போடலாம், பெரிய வாடகைக்காரராக இருந்தால் வீட்டுக்காரர் கொஞ்சம் வளைந்தும் கொடுப்பார். ஆனால் சாவி வீட்டுக்காரர் கையில். கவுன்ட்டரில் நிறுவனத்தின் பெயரும் நிறமும் மின்னுவதைப் பார்த்து அது அவர்களுடைய சொந்த இடம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பெயர் ஒரு திரையில் ஓடும் படம்தான். காலையில் ஒரு நிறுவனம், மதியம் இன்னொன்று என்று ஒரே கவுன்ட்டரில், ஒரே கணினியில், ஒரே பிரின்டரில் வேலை நடக்கும்.

சரி, ஏன் மாற்றுகிறார்கள்? காரணம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தைப் பற்றியதே இல்லை. பக்கத்து அறையில் சுவரை இடிக்கப்போகிறார்கள், அதற்காக இந்த அறையில் இருப்பவரைக் கிளப்புகிறார்கள். உங்கள் ஸ்கூட் கதை அப்படித்தான். டெர்மினல் 2 திறந்தது 1990இல். முப்பது வருடத்தில் நெரிசலாகிவிட்டது, விரிவாக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வருடத்துக்கு 2.3 கோடிப் பேரைத் தாங்கிய கட்டடத்தை 2.8 கோடிக்கு உயர்த்துவது திட்டம். ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்ய, கூட்டத்தில் ஒரு பெரிய பங்கை வெளியேற்றியாக வேண்டும். அதே சமயத்தில் டெர்மினல் 1இல் இடம் உருவாகியிருந்தது. அதன் முன்னால் இருந்த திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தை எடுத்துத்தானே ஜுவல் என்ற வணிக வளாகத்தைக் கட்டினார்கள்? அந்த வேலையோடு சேர்த்து டெர்மினல் 1ஐயும் பெரிதாக்கி, 2.1 கோடியிலிருந்து 2.4 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே 2019 அக்டோபர் 22 அன்று ஸ்கூட் முழுவதும் 2இலிருந்து 1க்கு நகர்ந்தது. ஸ்கூட் செய்த தப்பு ஒன்றும் இல்லை. வளர்ந்துகொண்டிருந்த, நிறைய விமானங்கள் வைத்திருந்த, மொத்தமாகத் தூக்கி வைக்கக்கூடிய வாடகைக்காரராக இருந்ததுதான் காரணம்.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டெர்மினல் 2 வருகைக் கூடத்தில் ஒரு வயதான தம்பதி, கையில் இட்லிப் பொட்டலம், பேரனுக்காக இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தார்கள். பேரன் திருச்சியிலிருந்து வந்து டெர்மினல் 1இல் இறங்கி, அங்கே அவனும் இவர்களைத் தேடிக்கொண்டிருந்தான். "எப்பவும் இங்கேதானே தம்பி வருவாங்க" என்றார் பெரியவர். ஜுவலுக்குள்ளே போகும் பாலம் வழியாக நடத்திக் கூட்டிப்போனேன். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அந்த அருவியைப் பார்த்ததும் பாட்டி அங்கேயே நின்றுவிட்டார். பேரன் இன்னும் பத்து நிமிடம் காத்திருந்தான்.

நினைத்ததற்கு மாறாக, அந்த விரிவாக்கத்தைச் சுலபமாக்கியது கொரோனா. 2019இல் 6.83 கோடிப் பயணிகள் வந்துபோன விமான நிலையத்தில், 2020 ஏப்ரல் மாதம் முழுவதும் சேர்த்து இருபத்தைந்தாயிரம் பேர்தான். மே 1ஆம் தேதி டெர்மினல் 2ஐயே மூடினார்கள், இரண்டு வாரத்தில் 4ஐயும். மிச்சமிருந்த விமானங்கள் 1க்கும் 3க்கும் போயின. ஆளில்லாத கட்டடத்தில் இடிப்பது எளிது, ஆகவே வேலை வேகமாக முடிந்தது. 2022 மே கடைசியில் ஒரு பகுதி, அக்டோபரில் புறப்பாடு, 2023 நவம்பரில் முழுவதும் என்று திரும்பத் திறந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனதும் அந்த 2020இல்தான், அது வேறு கதை.

இன்னொரு வகைக் காரணமும் உண்டு. அது பணம் சம்பந்தப்பட்டது. 2006 மார்ச்சில் பட்ஜெட் டெர்மினல் என்று ஒன்றைத் திறந்தார்கள். சிக்கன விமானங்களுக்கென்றே கட்டிய சிக்கனக் கட்டடம். விமானக் கதவோடு இணையும் ஏரோபிரிட்ஜ் பாலம் கிடையாது, வெயிலானாலும் மழையானாலும் நடந்துபோய்ப் படியேற வேண்டும். அதற்குப் பதிலாகப் பயணிகள் கட்டணம் குறைவு. டைகர் ஏர்வேஸ்தான் அங்கே பெரிய குடித்தனக்காரர். ஆறே வருடத்தில், 2012 செப்டம்பர் 25 அன்று, அதை மூடிவிட்டார்கள். அங்கிருந்த நிறுவனங்கள் டெர்மினல் 2க்கு வந்தன. என் முதல் இடமாற்றம் அதுதான். கட்டடம் மோசம் என்று மூடவில்லை. அந்த நிலத்தில் அதைவிடப் பல மடங்கு ஆட்களை ஏற்றி இறக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதே இடத்தில் 2017 அக்டோபர் 31 அன்று திறந்ததுதான் டெர்மினல் 4. வருடத்துக்கு 1.6 கோடிப் பேர், கட்டச் செலவு 98.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி. பெட்டி போடுவது முதல் விமானம் ஏறுவது வரை முகத்தைப் பார்த்தே வாசல் திறக்கும் எந்திரங்கள். பாதுகாப்புச் சோதனையும் வித்தியாசம்: 1, 2, 3இல் கேட் வாசலில்தான் பையை ஸ்கேன் செய்வார்கள், 4இல் எல்லோருக்கும் ஒரே இடத்தில், முன்கூட்டியே. ஹாங்காங்கிலிருந்து வந்த கேத்தே பசிபிக் முதலில் இறங்கியது. அடுத்த ஒரு வாரத்துக்குள் கொரியன் ஏர், வியட்நாம் ஏர்லைன்ஸ், செபு பசிபிக், ஸ்பிரிங், ஏர் ஏஷியா குடும்பம் என்று, கேத்தேயோடு சேர்த்து ஒன்பது நிறுவனங்கள் குடிபுகுந்தன.

அழகான கட்டடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு விஷயம் அதைக் கடைசி அறையாக்கிவிட்டது: ஸ்கைட்ரெயின் அங்கே போவதில்லை. 1, 2, 3 மூன்றும் ரயிலால் இணைந்தவை, சில நிமிடத்தில் தாவிவிடலாம். 4க்குப் பேருந்துதான். இலவசம், அடிக்கடி வரும், எல்லாம் சரி. ஆனாலும் பேருந்து பேருந்துதான். பெட்டிகளுக்கும் அப்படியே: மற்ற மூன்றுக்குள்ளும் பெட்டி பெல்ட்டிலேயே போய்விடும், 4க்கு வண்டியில் ஏற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சிங்கப்பூருக்கு வந்து சிங்கப்பூரிலேயே வெளியேறும் பயணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே இறங்கி வேறு விமானம் பிடிப்பவருக்கு அதுதான் எல்லாமே.

ஜெட்ஸ்டார் தகராறு இதில்தான் வெடித்தது. 2022 ஜூலை கடைசியில், செப்டம்பரில் டெர்மினல் 4 மறுபடி திறக்கும், அக்டோபர் 25 முதல் ஜெட்ஸ்டார் 1இலிருந்து அங்கே போகும் என்று சாங்கி அறிவித்தது. வழக்கமாக இப்படி அறிவிப்பு வந்தால் விமான நிறுவனமும் அன்றே சிரித்த முகத்தோடு ஒரு அறிக்கை விடும். இந்த முறை ஜெட்ஸ்டார், நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று பொதுவெளியிலேயே சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் பேசிவிட்டுத்தான் அறிவித்தோம், கூட்டம் திரும்பி வருகிறது, டெர்மினல் 1 தாங்காது என்றது சாங்கி. எங்கள் துறையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தெருவில் நின்று கத்துவது சாங்கியில் நடக்கிற காரியமே இல்லை.

ஜெட்ஸ்டார் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தது? சிக்கன விமானம்தானே, எந்த டெர்மினலாக இருந்தால் என்ன என்று தோன்றும். சிங்கப்பூரிலிருந்து பறந்த ஜெட்ஸ்டார் ஏஷியாவில் 49 விழுக்காடு பங்கு வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ். குவாண்டஸ் சிங்கப்பூரில் இறங்குவது டெர்மினல் 1. சிட்னியிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ குவாண்டஸில் வந்து இறங்கி, ஜெட்ஸ்டார் ஏஷியாவில் ஏறிப் பக்கத்து நாடுகளுக்குப் போகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே கூரையில் இருந்தால் அது நடை. ஒன்று 4க்குப் போனால் அது ஒரு பேருந்துப் பயணம், கூடவே கைமாற வேண்டிய பெட்டிகள். ஒரு விமானத்திலிருந்து மறு விமானத்துக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச நேரம் வைத்திருப்பார்கள். அந்த எண் கூடினால் சில இணைப்புகளை விற்கவே முடியாது. டிக்கெட் தேடும் திரையில் அந்த ஜோடி வராது, பயணி வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். ஆக, அங்கே சண்டை நாற்காலிக்கும் கழிவறைக்கும் அல்ல, அந்த நிமிடங்களுக்குத்தான்.

கடைசியில் பேசித் தீர்த்தார்கள். ஐந்து மாதம் தள்ளிப்போய், 2023 மார்ச் 22 அன்று ஜெட்ஸ்டார் டெர்மினல் 4க்கு மாறியது. உங்கள் நண்பர் சொல்வது அதைத்தான். ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூலை 31உடன் பறப்பதையே நிறுத்திவிட்டது. செலவு ஏற்றம், போட்டி என்று காரணம் சொன்னார்கள். 4க்குப் போனதால்தான் மூடினார்கள் என்று சிலர் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். இருந்தாலும் 2022இல் யார் சொன்னது சரி என்று கேட்டால், விமான நிலையத்தின் கணக்கு சரி, பயணியின் பக்கம் நின்று பேசியது ஜெட்ஸ்டார் என்பேன்.

இடமாற்றத்தால் ஒரு நிறுவனம் கொஞ்ச நாள் பறக்காமலே போனதும் உண்டு. மலேசியாவின் ஃபயர்ஃபிளை, விசிறி வைத்த சிறிய விமானங்களில் சுபாங், ஈப்போ, குவாந்தான் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எழுபது பேர் ஏறும் விமானம் இறங்கினாலும், நானூறு பேர் ஏறும் விமானம் இறங்கினாலும் ஓடுபாதையில் ஒரு முறைதான். ஆகவே சிறியவற்றைச் சிங்கப்பூரின் இன்னொரு விமான நிலையமான சிலேத்தாருக்கு அனுப்பத் தீர்மானித்து, 2018 நவம்பரில் அங்கே புதுக் கட்டடமும் திறந்தார்கள். ஆனால் சிலேத்தாரில் இறங்க விமானம் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் உள்ள பாசிர் கூடாங் மேலே வர வேண்டும். சிலேத்தாரில் கருவி வழிகாட்டி இறங்குமுறை (கருவிகள் காட்டும் பாதையில் விமானி தாழ்ந்து இறங்கும் முறை) வந்தால் எங்கள் ஊரில் உயரமான கட்டடம் கட்ட முடியாது என்று மலேசியா மறுத்தது. டிசம்பர் 1 முதல் ஃபயர்ஃபிளை நின்றுவிட்டது. வான்வெளி உரிமை வரைக்கும் பேச்சு போய், 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அந்த இறங்குமுறையைக் கைவிட, மலேசியா பாசிர் கூடாங் மேலே போட்டிருந்த தடையை நிறுத்திவைக்க, அந்த மாதமே சிலேத்தாரில் விமானம் இறங்கியது. எழுபது இருக்கை விமானத்தை வேறு இடத்தில் இறக்கச் சொன்னது, இரண்டு வெளியுறவு அமைச்சுகள் உட்கார்ந்து பேசும் விஷயமாகிவிட்டது.

அப்புறம், மாறும் அந்த இரவில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணிகள் பார்க்காத வேலை அதுதான். கடைசி விமானம் பழைய டெர்மினலிலிருந்து கிளம்பும். அதன் கதவு மூடிய பிறகுதான் எங்களுக்கு ஆரம்பம். கவுன்ட்டர் கணினி நகர வேண்டியதில்லை என்றேன் அல்லவா? மற்றதெல்லாம் நகர வேண்டும்: பெட்டியில் ஒட்டும் டேக் சுருள்கள், போர்டிங் பாஸ் காகிதம், பணப்பெட்டி, காணாமல் போன பெட்டிகளின் அலமாரி, பின்னறையில் இருக்கும் டீ கெட்டில் உட்பட. இதற்கெல்லாம் லாரி போதும். பயமெல்லாம் பெட்டி பிரிக்கும் எந்திரத்தைப் பற்றித்தான். எந்த விமானத்தின் பெட்டி எந்தச் சரிவில் விழ வேண்டும் என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வரி தப்பினால் காலை ஆறு மணி விமானத்தின் பெட்டிகள் வேறு எங்கோ குவியும். டிராக்டர் ஓட்டுபவர்களுக்குப் பழைய பாதை கைப்பழக்கம், இரவு நேரத்தில் பழைய பக்கமே திருப்பிவிடுவார்கள். அதனால்தான் மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். பொதுமக்களையும் தன்னார்வலராகக் கூப்பிட்டு, வெற்றுப் பெட்டியோடு வரிசையில் நிற்க வைப்பார்கள்.

ஒத்திகை போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே லண்டனைத்தான் காட்டும். 2008 ஜனவரியில் சாங்கி டெர்மினல் 3ஐத் திறந்தது, பெரிய சத்தமில்லை. அதே வருடம் மார்ச் 27 அன்று ஹீத்ரோவின் டெர்மினல் 5 திறந்து, பிரிட்டிஷ் ஏர்வேஸ் அங்கே குடியேறியது. ஊழியர்களுக்கே கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, உள்ளே வரச் சோதனையில் வரிசை, பெட்டி எந்திரம் திணறி நின்றது. முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து, இருபதாயிரத்துக்கு மேல் பெட்டிகள் தேக்கம். அவற்றில் ஒரு பகுதியைப் பிரித்து அனுப்ப இத்தாலியின் மிலான் வரை கொண்டுபோனார்கள். நீண்ட தூர விமானங்களை நகர்த்துவதை ஜூனுக்குத் தள்ளிவைத்தார்கள். அதே ஹீத்ரோ 2014இல் புது டெர்மினல் 2ஐத் திறந்தபோது அவசரப்படவே இல்லை. முதலில் யுனைடெட் மட்டும், அப்புறம் ஒவ்வொன்றாக, ஆறு மாதம் இழுத்து இருபத்தாறு நிறுவனங்களை ஏற்றினார்கள். ஒரே இரவில் எல்லோரையும் மாற்றும் ஆசை அந்த 2008க்குப் பிறகு யாருக்கும் வருவதில்லை.

ஹீத்ரோவில் இன்னொன்றையும் கவனிக்கலாம். விமான நிறுவனங்களின் கூட்டணி வாரியாக அடுக்கிவைக்க முயன்றார்கள்: ஸ்டார் அலையன்ஸ் 2இல், ஒன்வேர்ல்ட் 3இலும் 5இலும், ஸ்கைடீம் பெரும்பாலும் 4இல். ஒரே கூட்டணிக்குள் மாறும் பயணி ஒரே கூரையில் மாறட்டும் என்பதுதான் யோசனை. சாங்கியில் அதைவிட முக்கியம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குடும்பம். அது 2, 3இல், அதன் தம்பி ஸ்கூட் 1இல். அண்ணன் தம்பி மூன்று கட்டடத்தில் சிதறிக் கிடப்பதற்குத் தீர்வாகத்தான் டெர்மினல் 5ஐச் சொல்கிறார்கள். 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியாயிற்று, 2030களின் நடுவில் திறப்பு, அது ஒன்றே 5 கோடிப் பேரைத் தாங்குமாம். அப்போது இரண்டும் சேர்ந்து அங்கே போனால், காலியாகும் 1, 2, 3க்கு யார் வருவார்கள், 4இல் யார் மிஞ்சுவார்கள் என்று அடுத்த பெரிய சுற்று ஆரம்பிக்கும்.

இனி உங்கள் அம்மா. திருச்சியிலிருந்து ஸ்கூட், அங்கிருந்து மெல்பர்னுக்கு ஸ்கூட்டோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ, ஒரே டிக்கெட்டாக இருந்தால் அவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பெட்டிக்குத் திருச்சியிலேயே மெல்பர்ன் டேக் போடச் சொல்லுங்கள், அந்தச் சீட்டில் மெல்பர்ன் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அவர் டெர்மினல் 1இல் இறங்குவார்; அடுத்ததும் ஸ்கூட் என்றால் அங்கேயே ஏறலாம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் குடிநுழைவுப் பக்கம் போகாமல் உள்ளேயே ஸ்கைட்ரெயின் பிடித்து 2க்கோ 3க்கோ போய்விடலாம். முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் டெர்மினல் மாற்றமெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறவர் பாடு.

தனித்தனி டிக்கெட் என்றால்தான் விஷயம் வேறு. பணம் மிச்சம் என்று இரண்டு நிறுவனத்தில் தனியாக வாங்கினால், பெரும்பாலும் பெட்டியைச் சிங்கப்பூரில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்குக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். சில நாடுகளின் விசா கையில் இருந்தால் தொண்ணூற்றாறு மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் சலுகை இந்தியர்களுக்கு உண்டு, அதிலும் நிபந்தனைகள் இருக்கின்றன. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடமும் சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் தளத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கவுன்ட்டரில் நின்ற காலத்தில் நான் அதிகமாகப் பார்த்த அழுகை இதுதான். தவறான டெர்மினலால் விமானத்தை விட்டவர்களைவிட, பெட்டியை எடுக்க வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

இன்னொரு சின்னக் குறிப்பை ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். சாங்கியில் கேட் எண்ணின் முதல் எழுத்தே டெர்மினலைச் சொல்லிவிடும்: ஏ, பி என்றால் 3; சி, டி என்றால் 1; இ, எஃப் என்றால் 2; ஜி என்றால் 4. டிக்கெட் எடுத்த அன்று என்ன போட்டிருந்தது என்பதை விட்டுவிடுங்கள். இறங்கியதும் திரையில் மெல்பர்ன் விமானத்துக்கு எதிரே எந்த எழுத்து தெரிகிறதோ, அந்தப் பக்கம் போனால் போதும்.